ஆறு மாதத்துக்குப் பிறகும் தாய்ப்பால் குறையாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து, பருப்பும் சோறும் ஊட்ட ஆரம்பித்த கையோடு வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "மார்பு தொளதொளன்னு இருக்கு, பால் வத்திப்போச்சு போல, பசும்பால் குடு" என்பார் ஆயா (பிள்ளையின் பாட்டி). பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொல்வார். ஒரு வாரத்தில் புட்டி வந்துவிடும். அடுத்த மாதமே பால் உண்மையிலேயே குறைந்துபோகும்.

ஆறு மாதம் நன்றாக ஊட்டியவருக்குப் பால் தானாக வற்றிப்போவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: ஒரு நாளில் பால் வெளியேறும் தடவைகள் ஒவ்வொன்றாக, யாரும் கவனிக்காமல் உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்த தடவை எது என்று கண்டுபிடித்துத் திருப்பிவைத்தால் பாலும் பெரும்பாலும் திரும்பிவரும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தாய்மார்களுக்காக எழுதிய இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

குறைந்திருக்கிறதா, குறைந்ததுபோல் தெரிகிறதா?

பிரசவமான முதல் சில வாரங்களில் பால் சுரப்பை நடத்துவது உடம்பின் ஹார்மோன்கள். அப்போது தேவைக்கு மேல் சுரக்கும். மார்பு கனக்கும், ரவிக்கை நனையும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பொறுப்பு மார்பின் கைக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவே சுரக்கும். இறைக்கிற கிணறு ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். மார்பு நிறைந்தபடியே நின்றால் சுரக்கும் செல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலியானால் வேகம் கூடும்.

ஆகவே மார்பு மெத்தென்று ஆவதும், பால் கசிவது நிற்பதும் குறைவின் அடையாளம் அல்ல. முன்பு இருபது நிமிடம் குடித்த பிள்ளை இப்போது ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? உறிஞ்சத் தேர்ந்துவிட்டது. இரவில் எழுகிறதா? பல் முளைப்பதாலும், தவழக் கற்பதாலும், அம்மா பகலெல்லாம் வெளியே இருந்ததாலும் எழும். பம்பில் 40 மில்லிதான் வந்தது என்பதும் சான்றாகாது. குழந்தை எடுக்கிற அளவு பம்ப் பெரும்பாலும் எடுக்காது.

நம்ப வேண்டியவை இரண்டே.

ஒன்று, எடை. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை சராசரியாக மாதம் 300 கிராம் அளவும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 200 முதல் 250 கிராம் அளவும் கூடும். முதல் மூன்று மாதத்தில் கூடியதுபோல் இப்போது கூடாது. அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் அதிகம். அங்கன்வாடியில் மாதம் ஒரு முறை, அதே தராசில், ஜட்டியோடு மட்டும் எடை போட்டு, தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துப் பாருங்கள். கோட்டோடு ஒட்டிப் போகிறதா என்பதே கேள்வி. அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ என்பது கேள்வியே இல்லை.

இரண்டு, சிறுநீர். 24 மணி நேரத்தில் ஐந்தாறு தடவை நன்றாக நனைய வேண்டும், நிறம் வெளிறியிருக்க வேண்டும். அடர் மஞ்சளாக, நெடியோடு போனால் கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாலில் குறையில்லை. மீதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளப் படியுங்கள்.

படி 1: ஒரு நாள் முழுக்கக் கணக்கு எழுதுங்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, குழந்தை மார்பில் குடித்த நேரம், நீங்கள் பீய்ச்சிய நேரம் இரண்டையும் குறியுங்கள். சோறு, கூழ், தண்ணீர், புட்டி எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் எழுதினால் படம் தெளிவாகிவிடும்.

எட்டு மாதப் பிள்ளை ஒன்றின் தாள் இப்படி இருக்கும் என்று வையுங்கள்: 6 மணி பால். 8 மணி இட்லி. 10 மணி கேழ்வரகுக் கூழ், பிறகு தூளியில் தூக்கம். 1 மணி பருப்புச் சோறு. 3 மணிக்குக் கொஞ்சம் பால், தெருவில் குல்பி வண்டி மணி கேட்டுத் திரும்பிவிட்டது. 5 மணி பிஸ்கட். 8 மணி பால். இரவு 2 மணி பால். மொத்தம் நான்கு தடவை, அதிலும் ஒன்று அரைகுறை. இந்தத் தாய்க்கு முன்பு எட்டுத் தடவை இருந்தது. காலை 10 மணிப் பாலைக் கூழ் எடுத்துக்கொண்டது, மதியப் பாலைச் சோறு எடுத்துக்கொண்டது, மாலைப் பாலை பிஸ்கட் எடுத்துக்கொண்டது. பால் குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

ஒரு வயது வரை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பான அளவு. ஒவ்வொருவர் மார்பும் தேக்கிவைக்கும் அளவு வேறு; சிலருக்கு ஐந்தே போதும், சிலருக்கு எட்டு வேண்டும். உங்களுக்கு எந்த எண்ணிக்கையில் பால் நிலையாக இருந்ததோ, அதுதான் உங்கள் எண். இன்னொன்று, இரண்டு தடவைக்கு நடுவில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழ விடாதீர்கள். பாலூட்டலை நடத்தும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் இரவுப் பாலை முதலில் நிறுத்துவது தலைகீழான கணக்கு.

படி 2: முதலில் பால், பிறகு சோறு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் பாதியோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் தரும். இரண்டாம் வயதில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஆறு மாதத்தில் சோறு பாலுக்குத் துணையாகத்தான் வருகிறது, அதன் இடத்தைப் பிடிக்க அல்ல.

ஆறு முதல் எட்டு மாதம் வரை, பால் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உணவு கொடுங்கள். முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. போகப்போக 250 மில்லி கிண்ணத்தில் பாதி. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளை ஆகும்போது வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தூங்கப்போகும்போதும் தூங்கி எழுந்ததும் குடிக்கும் பாலைத் தொடாதீர்கள். அவைதான் கடைசிவரை நிற்கும் தடவைகள்.

நீர்த்த உணவுதான் பாலுக்குப் பெரிய எதிரி. தண்ணீராகக் கரைத்த கூழ், சோற்றுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் வயிற்றை நிரப்பும், சத்துத் தராது, பசியைக் கெடுக்கும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் குழைத்துக் கொடுங்கள்: நெய்விட்ட பருப்புச் சோறு, மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு. வேண்டுமானால் பீய்ச்சிய பாலிலேயே குழைக்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில்கூட ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டோடு டம்ளரில் சில வாய் போதும். தாகம் எடுத்தால் மார்பைக் கொடுங்கள். கோடையில் பிள்ளை அடிக்கடி கேட்பதும் அதற்குத்தான். பிஸ்கட்டைப் பற்றிச் சொல்வதற்கு நல்லதாக ஒன்றும் இல்லை.

படி 3: வேடிக்கை பார்க்கும் பிள்ளை, கடிக்கும் பிள்ளை, மறுக்கும் பிள்ளை

நான்காம் மாதத்திலிருந்தே பிள்ளைக்கு உலகம் தெரிய ஆரம்பித்துவிடும். கதவு சத்தம், தொலைக்காட்சி, அண்ணன் அக்கா எல்லாம் பாலைவிட ருசி. இப்படிப்பட்ட பிள்ளைக்கு அறையை இருட்டாக்கி, மின்விசிறிச் சத்தத்தில், பாதித் தூக்கத்தில் கொடுங்கள். பகலில் அரைகுறையாகக் குடித்துவிட்டு இரவில் ஈடுகட்டும் பிள்ளையிடம் கோபப்படப் பயனில்லை. பகலில் இரண்டு நல்ல தடவை கிடைத்தால் இரவு தானாகச் சீராகும்.

பல் வந்ததும் கடித்தால், இழுக்காதீர்கள், காம்பு கிழியும். பிள்ளையின் முகத்தை மார்போடு மெல்ல அழுத்துங்கள், மூக்கடைத்ததும் வாயைத் திறக்கும். அல்லது வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து விடுவியுங்கள். கடி பெரும்பாலும் குடித்து முடிக்கும் நேரத்தில்தான் வரும். விழுங்கும் சத்தம் நின்றதும் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கடி பொறுக்காமல் தடவையைத் தவிர்ப்பதால் பால் குறைந்தவர்கள் நிறையப் பேர்.

நேற்றுவரை குடித்த பிள்ளை இன்று திடீரென்று மார்பைக் கண்டாலே அழுதால், அதைப் பால் மறந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வயதுக்குள் பிள்ளை தானாகப் பால் மறப்பது மிக அரிது. காது வலி, வாய்ப்புண், மூக்கடைப்பு, தடுப்பூசிக் காய்ச்சல், புது வாசனைத் தைலம், கடித்தபோது நீங்கள் போட்ட சத்தம், எதுவும் காரணமாகலாம். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். அதுவரை வழக்கமாகக் குடிக்கும் அதே நேரங்களில் பீய்ச்சி, டம்ளரிலோ பாலாடையிலோ (பால் புகட்டும் சங்கு) கொடுங்கள். தூக்கக் கலக்கத்தில், வெற்று மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டாயப்படுத்தாமல் மார்பைக் காட்டுங்கள்.

படி 4: வேலைக்குப் போகும்போது

கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான். ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, கடையிலோ கம்பெனியிலோ வேலை முடித்துத் திரும்ப 10 மணி நேரம் ஆகிவிடும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி பால் என்று வையுங்கள். 10 மணி நேரத்துக்கு 300 முதல் 450 மில்லி. சோறு சாப்பிடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கின் கீழ்ப்பக்கமே போதும். 90 முதல் 120 மில்லி வீதம் மூன்று தடவையாகப் பிரித்துவையுங்கள். ஆயா ஒரே தடவையில் 200 மில்லியைக் கொடுத்துவிட்டால் மாலையில் நீங்கள் வரும்போது பிள்ளை மார்பைச் சீண்டாது. இதை வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும்: "அத்தை, நான் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி பால் குடுக்காதீங்க, பசிச்சா ரெண்டு வாய் பழம் மட்டும் குடுங்க."

நாள் இப்படி அமையட்டும். எழுந்ததும் ஒரு பால், கிளம்பும் நிமிடத்தில் இன்னொரு பால். வேலையிடத்தில் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை பீய்ச்சல். வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவி உடனே ஒரு பால். படுக்கும்போதும் இரவிலும். வார விடுமுறையில் புட்டி, பாலாடை எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு மார்பில் மட்டும் கொடுங்கள். வெள்ளிக்கிழமை சரிந்த பால் திங்கட்கிழமை ஏறியிருக்கும்.

வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் வந்தன. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளர் அறையில் சாவி கேட்கக் கூச்சம் வேண்டாம்.

கடலூர் துறைமுகத்தில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிற பெண்களுக்குக் கணக்கே வேறு. மூன்று மணிக்குக் கிளம்புமுன் தூங்கும் பிள்ளையை எழுப்பாமலே மார்பில் போடலாம்; அந்தத் தடவை முழுசாகக் குடித்துவிடும். கூடை காலியாக மதியம் ஆகும் என்றால் நடுவில் ஒரு முறையாவது கையால் பீய்ச்ச வேண்டும், கீழே விட்டாலும் பரவாயில்லை. அந்தப் பால் வீணாகலாம், அந்தத் தடவை வீணாகாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: முந்திரித் தோட்டு எண்ணெய் தோலை அரிக்கும். கையில் ஒட்டியது காம்புக்கும் பிள்ளை வாய்க்கும் போகும். முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ரவிக்கையையும் மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

படி 5: பீய்ச்சும் முறை

கையால் பீய்ச்சத் தெரிந்திருப்பது, பம்ப் வைத்திருப்பவருக்கும் அவசியம். சோப்பால் கை கழுவி, வெதுவெதுப்பான துணியை மார்பில் இரண்டு நிமிடம் வைத்து, விரல் நுனியால் லேசாகத் தடவிக்கொடுங்கள். கட்டை விரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி, கருவட்டத்தின் விளிம்பில் வையுங்கள். முதலில் நெஞ்செலும்பை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றை நோக்கி ஒன்று அழுத்தி, விடுங்கள். அழுத்து, பிழி, விடு. விரல் தோலில் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. முதல் ஒரு நிமிடம் சொட்டுத்தான் வரும். பால் இறங்கியதும் பீறிடும். ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம், ஓட்டம் குறைந்ததும் அடுத்த பக்கம், விரல்களைச் சுற்றி நகர்த்தி மீண்டும் முதல் பக்கம். மொத்தம் இருபது முதல் முப்பது நிமிடம். வலித்தால் முறை தவறு என்று பொருள்.

பம்பில் பால் குறைவாக வருகிறது என்று சொல்கிறவர்களில் பலருக்குக் கோளாறு மார்பில் இல்லை, கருவியில். முதலில் புனலின் அளவு. பல பம்ப்கள் 24 மில்லிமீட்டர் புனலோடு வரும். அது நிறையப் பேருக்குப் பெரிது. காம்பின் அடிப்பகுதி அகலத்தை ஸ்கேலில் அளந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். காம்பு மட்டும் குழாய்க்குள் தடையின்றிப் போய்வர வேண்டும். கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு பக்கவாட்டில் உரசி வெளுத்தால் சிறிது.

அடுத்தது வால்வு. வாத்து மூக்குபோல் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர்த் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனியின் பிளவு மயிரிழைகூடத் திறக்காமல் மூடியிருக்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் இழுவை போய்விட்டது, மாற்றுங்கள். தினமும் பலமுறை பயன்படுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். நம் ஊர் போர்த் தண்ணீரில் ஒரு தொல்லை உண்டு: கொதிக்கவைக்கக் கொதிக்கவைக்க வால்வின் உதட்டில் வெள்ளை உப்பு படியும், உதடு மூடாது. கொதிக்கவைப்பதையும் கடைசி அலசலையும் கேன் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். படிந்துவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அலசினால் போகும். பிளவை விரலாலோ பிரஷ்ஷாலோ குடையாதீர்கள்.

இழுவையை உச்சத்தில் வைத்தால் பால் அதிகம் வரும் என்பது தப்பு. வலி வந்தால் பால் இறங்காது. வலியில்லாத அளவில் மிக அதிகமானது எதுவோ அதுதான் உங்கள் அளவு.

படி 6: இந்த வெயிலில் பாலை வைப்பது

பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்கான கணக்கு. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆண்டின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள் அல்லது குளிரில் வைத்துவிடுங்கள். ஐஸ் பேக் வைத்த மூடிய பெட்டியில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், தனிக் கதவுள்ள ஃபிரீசரில் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியை ஃபிரீசராகக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பா, கண்ணாடிப் பாட்டில் இரண்டும் ஃபிரிட்ஜுக்குப் போதும். 60 முதல் 100 மில்லி வீதம் பிரித்து, தேதி எழுதி, கதவில் வைக்காமல் பின்பக்கம் வையுங்கள். சூடான புதுப் பாலைக் குளிர்ந்த பாலோடு நேரடியாகக் கலக்காதீர்கள், குளிரவைத்துச் சேருங்கள். உறைந்ததை முந்தைய இரவே கீழ்த்தட்டில் இறக்கிவைத்து, கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திக் குளிர் நீக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம். உருகியது 24 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. பிள்ளை வாய் வைத்த மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். ஏடு பிரிந்து மேலே நிற்பது கெட்டுப்போனதல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

கொடுப்பதற்குப் புட்டியைவிட டம்ளரோ பாலாடையோ நல்லது. ஆறு மாதப் பிள்ளை டம்ளரில் உறிஞ்சக் கற்றுக்கொள்ளும். புட்டியில் பால் தானாகக் கொட்டும். அந்த வேகம் பழகிய பிள்ளை, மார்பில் பால் இறங்கும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அழும்.

புயல் நாள்களுக்கு

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி ஊரையே நீரில் நிறுத்தியது. நவம்பர், டிசம்பரில் ஃபிரீசர் இருப்பை நம்பி இருக்காதீர்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காத நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் குளிர் காக்கும். காலியிடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை உறையவைத்து நிரப்புங்கள். பாலில் ஐஸ் துகள் தெரிகிறவரை திரும்ப உறையவிடலாம்.

முகாமில் பால் பவுடரும் புட்டியும் கொடுத்தால், தாய்ப்பால் கொடுப்பவர் வாங்க வேண்டாம். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க அடுப்பும் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். பயத்தில் பால் வற்றாது. அதிர்ச்சியில் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். பிள்ளையைத் தோலோடு தோலாக அணைத்து மார்பில் வைத்தபடி காத்திருந்தால் இறங்கிவிடும்.

படி 7: குறைந்தே போயிருந்தால், ஒரு வாரத் திட்டம்

முதல் மூன்று நாள், இருக்கும் தடவைகளோடு இரண்டு மூன்று சேர்த்து, எட்டு முதல் பத்து ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் கொடுங்கள். குடிக்கும் வேகம் தளர்ந்ததும் மார்பைக் கையால் அணைத்து மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பிள்ளை மறுபடி விழுங்க ஆரம்பிக்கும். அதுவும் தளர்ந்தால் அடுத்த பக்கம், பிறகு மறுபடி முதல் பக்கம். பிள்ளை விட்டதும் ஐந்து பத்து நிமிடம் கையால் பீய்ச்சிவிடுங்கள். துளிதான் வந்தாலும் அந்தக் காலியாதல்தான் வேலை செய்கிறது.

அதோடு நாளுக்கு ஒரு மணி நேரம், பிள்ளை தூங்கும்போது விட்டுவிட்டுப் பம்ப் செய்யுங்கள்: 20 நிமிடம் எடுத்து 10 ஓய்வு, 10 எடுத்து 10 ஓய்வு, கடைசியாக 10. பிள்ளை அடுக்கடுக்காகக் குடிக்கும் வளர்ச்சிக் காலத்தை இது நகலெடுக்கிறது. முதல் இரண்டு நாள் ஒன்றும் வராது. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே புட்டிப்பால் கொடுத்துவந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். எடையைப் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 30 மில்லி அளவில் குறையுங்கள்.

அம்மாவின் சாப்பாடு, மருந்து, மாதவிலக்கு

ஆறு மாதத்துக்குப் பிறகு பாலூட்டும் தாய்க்கு நாளுக்குக் கூடுதலாக 520 கலோரி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. மூன்று இட்லி சாம்பார், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் வந்துவிடும். பிரசவமானபோது பத்தியமும் பூண்டுக் குழம்புமாகக் கவனித்த வீடு, ஆறாம் மாதத்தில் தாயை மறந்துவிடுகிறது. காலை டிபனை நின்றபடி விழுங்கிவிட்டு பஸ் பிடிக்கும் தாயின் பால் உடனே குறையாது. உடம்புதான் முதலில் தேயும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும், ஐந்து லிட்டர் குடித்தாலும் பால் கூடாது.

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எல்லாம் நல்ல உணவு. சாப்பிடுங்கள். ஆனால் வெளியேறும் தடவை கூடாமல் புட்டு மட்டும் சாப்பிட்டால் பால் கூடாது. கடற்கரைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: சுறா பெரிதாகப் பெரிதாக அதன் சதையில் பாதரசம் சேரும். புட்டை எப்போதாவது வைத்துக்கொண்டு, வாராவாரம் நெத்திலி, மத்தி, சங்கரா என்று போங்கள். வெந்தயத்தைப் பொடியாகவோ மாத்திரையாகவோ அளவுக்கு மேல் எடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், சர்க்கரை குறையும். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பீர் குடித்தால் பால் ஊறும் என்பதை நம்பாதீர்கள். மது பால் இறங்குவதைத் தடுக்கும்.

மல்லிகைப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம். மார்பில் வைத்துக் கட்டுவது பாலை வற்றவைக்க நம் பக்கத்தில் செய்கிற வைத்தியம். வேலூரில் நடந்து 1988ல் வெளியான ஆய்விலும் புரோலாக்டின் குறைந்தது தெரிந்தது. மார்பு கனத்து வலிக்கிறது என்று யாராவது கட்டச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருந்துகளில் இரண்டைக் கவனியுங்கள். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகள் பாலைக் குறைக்கும். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும்போது பாலூட்டுவதைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் (மாலா-என் இந்த வகை) சிலருக்குப் பாலைக் குறைக்கும். காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியவை பாலூட்டுபவருக்கு ஏற்றவை, அரசு மருத்துவமனைகளில் இலவசம். பால் பெருக்க டோம்பெரிடோன் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இதயத் துடிப்பைப் பாதிக்கக் கூடியது.

மாதவிலக்கு திரும்பியதும் ஒவ்வொரு மாதமும் விலக்குக்கு முந்தைய சில நாள் பால் கொஞ்சம் சரியும், வந்த ஓரிரு நாளில் ஏறிவிடும். அந்த நாள்களில் புட்டியை அறிமுகப்படுத்திவிடாதீர்கள். விலக்கு தள்ளிப்போய், பாலும் குறைந்துகொண்டே வந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்துபாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இரண்டு மாதம் தொடர்ந்து எடை கூடாவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை துவண்டு கிடந்தால் தள்ளிப்போடாதீர்கள். தாய்க்கு மார்பில் சிவந்த திட்டும் 38.5 டிகிரிக் காய்ச்சலும் வந்தால் அன்றே காட்டுங்கள். அந்த மார்பில் வழக்கம்போல் கொடுத்துக்கொண்டே, ஊட்டலுக்கு நடுவில் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கட்டியை அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும். எல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் பால் ஏறாவிட்டால் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடி கொட்டுவதும் களைப்பும் சேர்ந்திருந்தால் தைராய்டு சந்தேகம் வலுக்கும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவற்றில் பார்க்கலாம். ஜிப்மரில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆனால் அந்தப் பால் குறைமாதமாகப் பிறந்த, நோயுற்ற சிசுக்களுக்கானது, வீட்டுப் பிள்ளைகளுக்குத் தரமாட்டார்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு

நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும், பால் அதற்கேற்ப நிற்கும். வேலையிடத்தில் பீய்ச்சுவதைப் படிப்படியாக விட்டுவிடலாம்; காலை, மாலை, இரவுப் பால் தொடரும். இரண்டு வயதை நெருங்கி நிறுத்த நினைத்தால், வேப்பிலையை அரைத்துத் தடவி ஒரே நாளில் வெட்டாதீர்கள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், பிள்ளையும் ஏங்கிப்போகும். வாரத்துக்கு ஒரு தடவை வீதம் குறையுங்கள். முதலில் பகல் பால், கடைசியாகத் தூங்கும்போது குடிக்கும் பால். நடுவில் மார்பு கனத்தால் வலி தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள், காலியாகும்வரை வேண்டாம்.